ஆறு கதவுக்கு ஒரே தகரம்

அன்றைக்கு விடிந்தபோது, பனிப்புகையாக மலையை மூடுகிற மஞ்சு இல்லை. குமுளிக்கு மேலே இருக்கிற அந்த ஏலத்தோட்டத்தில் கார்த்திகை மாதக் காலை என்றால், வாசலில் நிற்கிற கோழியைக்கூடச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல்தான் மஞ்சு மனசில்லாமல் எழுந்து போகும். அன்றைக்கு என்னவோ ஆறு மணிக்கே எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. கிழக்கே மலை விளிம்பு. அதற்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு, வரப்பு வரப்பாக வயல்கள், தென்னந்தோப்புகள். அதற்கும் அப்பால் வானம் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு மஞ்சள் படர்ந்திருந்தது. இலை அசையவில்லை, குருவி கத்தவில்லை. வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்ற செபமாலையம்மாளுக்கு, தான் இன்னும் எழுந்திருக்கவே இல்லையோ, இதையெல்லாம் தூக்கத்தில்தான் பார்க்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"இந்தாங்க, செத்த வெளிய வந்து பாருங்களேன்."

உள்ளே கட்டிலில் கம்பளிக்குள் இருந்து சூசையப்பன், "என்னா?" என்றார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் ராத்திரி முழுக்கத் தீ பார்க்கிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருசமாகப் பகலில் தூங்குகிற மனுசன்.

"மஞ்சக் காணோம்."

"வரும்."

"என்னத்த வரும்? கம்பத்துல பஸ்ஸு போறது வரைக்கும் தெரியுது."

"அப்ப நல்லாப் பாத்துக்க. மஞ்சு வந்துட்டாத் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவர் கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

எட்டரை மணிக்கு வார்டு மெம்பர் ஜோமோன் ஜீப்பில் மைக்கோடு வந்தார். மலையாளத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு, தோட்டத்து ஆட்களுக்காகத் தன்னுடைய தமிழில் இன்னொரு தடவை சொன்னார்.

"புயல் ராமநாதபுரத்துல கரை கேறி, தேனி வழியா நம்ம மலைக்கு வருது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல காத்து பலமா இருக்கும். ரெட் அலர்ட் ஆணு. ஸ்கூல்ல கேம்ப் தொறந்திருக்கு. ரெண்டு மணிக்கு இதே ஜீப் வரும், எல்லாரும் ஏறிக்கணும். பின்ன வழியில மரம் விழுந்தா நான் எப்படி வர்றது?"

மூணாம் வீட்டுப் பெரியமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மெம்பரே, கடலு எங்கிட்டுக் கெடக்கு, நாம எங்கிட்டுக் கெடக்கோம். இம்புட்டு மலையேறி அது வருமா?"

"அது பஸ் பிடிச்சு வரும் சேட்டா. நீங்க ஜீப் பிடிச்சுப் போகணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குள் போனதும் பானை உருளுகிற சத்தமும் பெட்டி இழுக்கிற சத்தமும் கேட்டது.

தோட்டக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு அது. லயம் என்பார்கள். கிழக்கே தொடங்கி மேற்கே முடிகிற ஆறு கதவு, ஆறு கதவுக்கும் சேர்த்து ஒரே தகரக்கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஏழடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரைக்கும் திறந்த வெளிதான். கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்தானோ, இங்கே குடியிருக்கிற ஜனங்களுக்கு மறைக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தானோ தெரியவில்லை. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் ஆறு வீட்டுக்கும் பசிக்கும். ஒருத்தர் இருமினால் ஆறாவது வீட்டிலிருந்து சுக்குத்தண்ணி குடிக்கச் சொல்லுவார்கள்.

செபமாலையம்மாள் இரண்டாம் கதவு. முதல் கதவு மாரித்தாய். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் சுவருக்கு மேலே திறந்த வெளி கிடையாது. குமுளியில் ஒரு ஜவுளிக்கடை திறப்புக்கு வைத்த ஃப்ளெக்ஸை ஆணியடித்து மறைத்திருந்தது. அடித்தது மாரித்தாய். வெள்ளைப் பக்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, படம் போட்ட பக்கத்தை இந்த வீட்டைப் பார்க்க வைத்துவிட்டாள். ரெண்டு வருசமாக ஒரு கல்யாணப்பெண்ணின் ராட்சச முகம், தலைகீழாக, பாதிச் சிரிப்போடு செபமாலையம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் அந்த இடைவெளி வழியாகக் கறிவேப்பிலை போகும், தீப்பெட்டி வரும். மாரித்தாயின் புருசன் ஜீப் கவிழ்ந்து செத்தபோது மூன்று மாதம் செபமாலையம்மாள் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே அவளுக்குத் துணையிருந்தாள். மாரித்தாயின் மகள் செல்வலட்சுமிக்குப் பதினாலு வயசிலிருந்து எப்போதாவது வலிப்பு வரும். மாத்திரை எடுத்தால் வருசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான். அது அப்போது இந்த இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் செபமாலையம்மாள்தான்.

ஆனால் செபமாலையம்மாளுக்குக் குரல் பெரிசு. தினமும் ஏழு மணிக்கு, சூசையப்பன் ஸ்டோருக்குக் கிளம்புமுன் இரண்டு பேரும் முட்டி போட்டு ஜெபமாலை சொல்வார்கள். ஐம்பத்துமூன்று மணியும் முடிந்த பிறகு கருத்துகள் சொல்ல வேண்டும், யார் யாருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று. கட்டப்பனையில் கட்டிக்கொடுத்த மகள் ஷிஜிக்காக, காய்ச்சலில் கிடக்கும் சூப்பர்வைசருக்காக, உலக சமாதானத்துக்காக. ஆண்டவருக்குக் காது மந்தம் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்படி உரக்கச் சொல்லுவாள்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஐப்பசியில் செல்வலட்சுமியைப் பெண் பார்க்க உத்தமபாளையத்திலிருந்து வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றவர்கள், மழையில் வழி அடைபட்டுவிடுமோ என்று பயந்து வியாழக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டார்கள். செபமாலையம்மாளுக்கு அது தெரியாது. அவள் வழக்கம்போல முட்டி போட்டாள். "நாளைக்கு மாரித்தாயி வீட்டுக்கு வர்றவங்க மனசு எளகணும் ஆண்டவரே. செல்வலட்சுமிக்கு அந்த வலிப்பு இனி ஒருக்காலும் வராம நீரே பாத்துக்கணும்." மனசு உருகித்தான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள் சொல்லியனுப்பவில்லை. அவர்கள் ஜீப் கண்ணை விட்டு மறைந்ததும் மாரித்தாய் இரண்டாம் கதவுக்கு முன்னால் வந்து நின்று, லயமே கேட்கக் கத்தினாள். "ஜெபம் பண்றேன் ஜெபம் பண்றேன்னு எம்புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா?" வலிப்பு விசயம் அதோடு லயம் முழுக்கத் தெரிந்துபோனது. மறுநாள் ஃப்ளெக்ஸ் வந்தது.

அதற்குப் பிறகு செபமாலையம்மாள் வாய்விட்டு ஜெபம் சொன்னதில்லை. உதடு மட்டும் அசையும். சத்தம் இல்லாததால் சூசையப்பன் மூன்றாவது மணியிலேயே முட்டி போட்டபடி தூங்கிப்போவார். அவள் இந்தப் பாவத்தைக் கோயிலில் போய் மூன்று தடவை பாவசங்கீர்த்தனம் பண்ணினாள். மூன்றாவது தடவை சாமியாரே சலித்துப்போய், "அம்மா, இத ஏற்கெனவே மன்னிச்சாச்சு. வேற எதுவும் இருந்தாச் சொல்லுங்க," என்றார். அவளுக்கு வேறு எதுவும் இல்லை. இது ஒன்றே நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது.

அன்றைக்குக் காலை முழுவதும் அவள் வீட்டைப் புயலுக்குத் தயார் செய்தாள். ரேஷன் கார்டு, ஆதார், ஞானஸ்நானச் சீட்டு, ஷிஜியின் கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் ரொட்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டு, அரிசி டின்னுக்குள் புதைத்தாள். தீப்பெட்டியையும் அதே அரிசிக்குள் வைத்தாள். விறகை அள்ளிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினாள். மரவள்ளிக் கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கி வைத்தாள். இருக்கிற குடம், சட்டி, பக்கெட் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாள். மழை கொட்டப் போகிற நாளில் தண்ணீர் பிடிப்பது வேடிக்கைதான். ஆனால் குழாய் வருகிற மலைச்சரிவு எப்போது சரியும் என்று யாருக்குத் தெரியும்? நாலு கோழியையும் பிடித்துக் கூடையில் கவிழ்த்தாள். அவை அன்றைக்குத் துரத்தவே விடவில்லை, கூப்பிட்டதும் வந்தன. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் பக்கம் விறகு விழுந்தபோது அந்தப் பக்கமும் விறகு விழுந்தது. இந்தப் பக்கம் குடம் நிரம்பியபோது அந்தப் பக்கமும் நிரம்பியது. செபமாலையம்மாள் வேலையை நிறுத்தி நிறுத்திக் காதைக் கொடுத்தாள். மாரித்தாய் அரிசியை மேலே எடுத்து வைத்துவிட்டாள். மண்ணெண்ணெய் இருக்கிறது, டின் குலுங்குகிறது. மாத்திரை அட்டை நொறுங்குகிற சின்னச் சத்தம் கேட்டபோது, நல்லவேளை, மாத்திரை இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. இப்படியே ரெண்டு வருசமாக அவள் பக்கத்து வீட்டோடு காதால் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குச் சூசையப்பன் எழுந்து, பெரியமுத்தோடு சேர்ந்து மண்மூட்டைகளையும் கல்லையும் கூரைமேல் ஏற்றினார். வருசா வருசம் ஆனி ஆடியில் ஏற்றுகிற மாதிரியே, மேற்குப் பக்கமாகப் பார்த்து அடுக்கினார்கள். அந்த மலையில் காற்று என்றால் மேற்கிலிருந்து வருகிற மேகாத்துதான். வேறு காற்று அடித்து யாரும் பார்த்ததில்லை.

ரெண்டு மணிக்கு ஜீப் வந்தது. மூன்றிலிருந்து ஆறுவரை நாலு கதவும் பூட்டப்பட்டன. பெரியமுத்து ஏறுமுன் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வரலயா மதினி?"

"மாரித்தாயி ஏறிட்டாளா?"

"அது வரலயாம். கேம்புல நூறு பேரு முன்னால புள்ளைக்கு வந்துருச்சுன்னா என்ன பண்றதுன்னு நெனைக்குது போல. கூப்புட்டதுக்குக் கதவே தொறக்கல."

"நானும் வரல. கோழி கெடக்குல்ல."

சூசையப்பன் பெருமூச்சு விட்டார். "கோழிக்காக உசுர விட்ட மொத ஆளு நீயாத்தான் இருப்ப."

"ஒங்கள யாரு இருக்கச் சொன்னா? நீங்க போங்க."

"நான் போயி அங்க யாரோட ஜெபத்துல தூங்குறது?" என்றார் அவர். ஜீப் போய்விட்டது. அவரும் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

லயம் அப்படி அமைதியாக இருந்து செபமாலையம்மாள் பார்த்ததில்லை. வெயிலும் இல்லாமல் நிழலும் இல்லாமல் ஒரு வெளிச்சம் எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஏலச்செடிகள் தெரிந்தன. வாசல் கல்லில் உட்கார்ந்தாள். கண் சொருகியது. அப்போது ஒரு வாசம் வந்தது. அறுத்த நெல்தாள், ஈரச் சாணி, வெங்காயத் தாள், திராட்சைக் கொடிக்கு அடித்த மருந்து. அவள் பிறந்த ஊரின் வாசம். கல்யாணமாகி மலையேறி முப்பது வருசத்தில் அந்த வாசத்தை அவள் இங்கே முகர்ந்ததே இல்லை. கொஞ்ச நேரம் அவள் பாவாடை சட்டையோடு வாய்க்கால் வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினால் ஆளைக் காணோம், தண்ணீர் மட்டும் ஓடியது. அவளுக்கு அழுகையும் சந்தோசமுமாக வந்தது.

கண்ணைத் திறந்தாள். எதிரே ஸ்டோரின் புகை மேற்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடுக்கிட்டு எழுந்து உள்ளே ஓடினாள்.

"ஏங்க! எந்திரிங்க! காத்து கெழக்க இருந்து வருது!"

"வரட்டும்."

"வரட்டுமா? கல்லப் பூராம் மேக்க ஏத்தி வச்சிருக்கீக. இது கீழ்க்காத்துங்க. கம்பத்து வாசம் வருது, வந்து மோந்து பாருங்க."

சூசையப்பன் எழுந்து உட்கார்ந்தார். ஒரு நிமிசம் அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு மெதுவாகக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்தத் தகரங்கள் மேகாத்துக்குத் தோதாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டவை. மேற்கிலிருந்து அடித்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். கிழக்கிலிருந்து அடித்தால் ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட்டு நெம்பும். முதல் கதவின் தகரம் கிளம்பினால், அடுத்து இரண்டாவது, அப்புறம் வரிசையாக ஆறும்.

"ஆத்தாடி," என்றார் சூசையப்பன். பகலில் அவர் அப்படி முழுசாக விழித்து அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். "ரெண்டு ஆளு மூட்ட பூராத்தையும் கெழக்க மாத்த முடியாதே. பாதியாச்சும் மாத்துறேன். ஆனா அது போதாது. உள்ளருந்து இழுத்துக் கட்டணும். ஒனக்கும் அவளுக்கும் நடுவுல சொவத்துக்கு மேல தகரத்தத் தாங்கிக்கிட்டுப் போகுதுல்ல கைமரம், அதுல வடத்தப் போட்டு ரெண்டு ஊட்டுலயும் கீழ எறக்கி, கனமா எதுலயாச்சும் கட்டணும். ஒத்தப் பக்கம் கட்டுனா நிக்காது."

"அவ கதவத் தொறக்கணுமே."

"தொறக்க வையி. நான் கல்லத்தான் தூக்க முடியும்."

செபமாலையம்மாள் முதல் கதவின் முன்னால் போய் நின்றாள். எத்தனை தடவை கையை ஓங்கி ஓங்கி இறக்கினாள் என்று கணக்கில்லை. கூரை போகிற பயத்தைவிட, கதவு திறந்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்கிற பயம்தான் பெரிசாக இருந்தது. கடைசியில் தட்டினாள்.

திறந்தவள் செல்வலட்சுமி. குமுளியில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. இருபத்தாறு வயசு. அவள்மேல் எப்போதும் பச்சை ஏலக்காய் வாசம் இருக்கும்.

"பெரியம்மா?"

"ஏத்தா, அம்மா இருக்காளா?"

மாரித்தாய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. "யாருன்னு கேளு," என்றாள் மகளிடம்.

"யாருன்னு தெரியாதாம்மா? பெரியம்மா."

"என்ன வேணுமாம்?"

"காத்து கெழக்க இருந்து வருதுன்னு சொல்லுத்தா. தகரம் இங்குட்டிருந்துதான் கெளம்பும். கைமரத்துல வடம் போட்டுக் கட்டணும். அதுக்கு அந்த ஃப்ளெக்ஸக் கழட்டணும்."

"கழட்ட முடியாதுன்னு சொல்லு. அத அடிச்சப்பறந்தான் நிம்மதியாச் சோறு திங்கிறோம்னு சொல்லு."

"கேட்டுச்சு பெரியம்மா, கேட்டுச்சும்மா. ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே கேக்குது, என்னைய எதுக்கு நடுவுல வச்சு அரைக்கிறீக?" செல்வலட்சுமி மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"ஏய், எறங்குடி. ஒசரத்துல ஏறாதன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல."

"அப்ப நீ ஏறிக் கழட்டு."

மாரித்தாய் எழுந்தாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மகளை இறக்கிவிட்டு முக்காலியில் ஏறி, அரிவாள் மூக்கால் ஒவ்வொரு ஆணியாக நெம்பினாள். ஃப்ளெக்ஸ் சரிந்து இந்தப் பக்கம், செபமாலையம்மாள் வீட்டுக் கட்டிலில் விழுந்தது. ரெண்டு வருசத்துப் புகையும் ஒட்டடையும் கலைந்து மிதந்தன. இடைவெளி வழியாக இரண்டு வீட்டு வெளிச்சமும் ஒன்றாகக் கலந்தது.

பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. மரம் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற நைலான் வடத்தைச் சூசையப்பன் ஸ்டோரிலிருந்து கொண்டு வந்தார். கைமரத்துக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த நாலு விரல் இடைவெளியில் அதை நுழைத்து, ஒரு முனையை இந்த வீட்டிலும் ஒரு முனையை அந்த வீட்டிலும் தொங்கவிட்டார். இந்தப் பக்க முனையை ஆட்டுக்கல்லில் நாலு சுற்றுச் சுற்றினார்கள். அந்தப் பக்கம் ஆட்டுக்கல் இல்லை, மாரித்தாய் மிக்ஸிக்கு மாறி வருசமாகிவிட்டது. கட்டிலில் மூன்று மண்மூட்டையை ஏற்றி, கட்டில் காலில் கட்டினார்கள். செல்வலட்சுமியும் சூசையப்பனும் வெளியே கல் சுமந்தார்கள். கல்லைக் கையிலிருந்து கைக்கு மாற்றும்போது மாரித்தாயின் விரலும் செபமாலையம்மாளின் விரலும் இரண்டு தடவை பட்டன. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் செபமாலையம்மாள் அவித்த கிழங்கைத் தட்டில் வைத்துச் சுவருக்கு மேலே நீட்டினாள். தட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. பிறகு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அது மகளின் கையா, தாயின் கையா என்று தெரியவில்லை.

நாலரை மணிக்கு மேல் அந்த மஞ்சள் வெளிச்சம் செம்பு நிறமானது. அப்புறம் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தூரத்தில் ஒரு பெரிய கூட்டம் ஒரே வாயாகப் பேசிக்கொண்டு மலையேறி வருகிற மாதிரி இருந்தது. ஏலச்செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேற்கே குனிந்தன. சூசையப்பன் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

முதல் அடியில் தகரம் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் கைமரம் ஒரு விரல் எழுந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் அந்தப் பக்கம் இரும்புக் கட்டில் தரையில் கீறிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது.

"கட்டிலு நகருது! மூட்ட சரியுது!" செல்வலட்சுமி கத்தினாள்.

"அவுந்துருமா?"

"அம்மா கயித்தப் புடிச்சுத் தொங்குது பெரியம்மா! நானும் புடிச்சிருக்கேன்!"

செபமாலையம்மாள் பாய்ந்து தன் பக்கத்து வடத்தைப் பிடித்தாள். ஆட்டுக்கல்லே ஆடிக்கொண்டிருந்தது. கதவை விட்டு எழுந்திருக்க முடியாமல் சூசையப்பன், "ரெண்டு பக்கமும் விடாமப் புடிங்க! ஒருத்தர் விட்டா வடம் உருவிக்கிட்டுப் போயிரும்!" என்றார். அவள் வடத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சுவரில் காலை உதைத்துக்கொண்டு நின்றாள். மழை வந்துவிட்டது. தகரத்தில் கல்லைக் கொட்டுவதுபோலக் கொட்டியது. வீட்டுக்குள் இருட்டாகிவிட்டது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. கை மரத்து, உடம்பு மரத்து, தான் வடத்தைப் பிடித்திருக்கிறோமா வடம் தன்னைப் பிடித்திருக்கிறதா என்று அவளுக்குப் புரியாமல் போனது. உதடு தானாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

"அக்கா!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாரித்தாயின் குரல். "அக்கா, இருக்கியா? சத்தத்தையே காணோம்!"

ரெண்டு வருசம் கழித்து அந்த அக்கா. செபமாலையம்மாள் சுவரைப் பார்த்துக் கத்தினாள். "இருக்கேன்! ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

"கேக்கலியே!"

"கேக்க வேணாம்னுதான் சொல்லல! என் ஜெபத்தக் கேட்டு நீங்க பட்டது போதாதா?"

காற்று ஒரு தடவை லயத்தைக் குலுக்கிவிட்டுப் போனது. பிறகு செல்வலட்சுமியின் குரல் கேட்டது. "அம்மா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீ பேசாம இரு."

"இல்ல, இன்னைக்குச் சொல்லிருவேன்."

"நானே சொல்றேன்." மாரித்தாய் ஏதோ சொன்னாள். மழையில் ஒன்றும் விழவில்லை.

"என்னா?"

"அன்னைக்கு அவய்ங்களுக்கு ஒன்னும் கேக்கலங்கறேன்!"

"எவய்ங்களுக்கு?"

"உத்தமபாளையத்துக்காரய்ங்களுக்கு! இதே மாதிரி மழதான! பக்கத்துல உக்காந்து பேசுனதே வெளங்கல! எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு! ஒஞ் சத்தம் எனக்குப் பழக்கமில்ல?"

செபமாலையம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பறம் எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"நாந்தான் பெரியம்மா சொன்னேன்!" என்றாள் செல்வலட்சுமி. "காப்பி குடுக்கயில மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நாந்தான் சொன்னேன்! மாத்திரைய ஒளிச்சு வச்சு எத்தன நாளைக்கு முழுங்குறது? தெரிஞ்சு கட்டிக்கிட்டா கட்டிக்கட்டும்னு சொல்லிட்டேன்!"

"இவளே வாயத் தொறந்து சொன்னான்னு தெரிஞ்சா லயம் பூராம் இவளத்தானக்கா ஏசும்?" மாரித்தாய் கத்திக்கொண்டே அழுதாள். "பொழைக்கத் தெரியாதவ, கோட்டிக்காரின்னு பேசும்! அப்பனில்லாத புள்ள, தாங்க மாட்டா! அதான் ஒம்மேல போட்டேன்! நீ தாங்குவன்னு போட்டேன்!"

கதவில் முதுகைக் கொடுத்திருந்த சூசையப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. ரெண்டு வருசத்துக் கோபமும் ஒரே நேரத்தில் அவள் கைக்கு வந்துவிட்டது. விரல் தளர்ந்தது. வடம் ஒரு முழம் உருவிக்கொண்டு மேலே போனது. கைமரம் கிறீச்சென்று எழுந்தது, தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வானம் வெள்ளையாகத் தெரிந்தது, மழை உள்ளே பாய்ந்தது. அந்தப் பக்கம் செல்வலட்சுமி அலறினாள்.

செபமாலையம்மாள் எட்டிப் பிடித்து, உடம்பு முழுவதையும் அதில் போட்டுத் தொங்கினாள்.

"ரெண்டு வருசம்டி!"

"ஆமாக்கா!"

"ரெண்டு வருசமா வாயத் தொறந்து ஒரு ஜெபம் சொல்லலடி நான்! பண்ணாத பாவத்துக்குச் சாமியாருகிட்டப் போயி நின்னேன்! ஒனக்கு ஒரு நாளாச்சும் ஒறுத்துச்சாடி?"

"ஒறுத்துச்சுக்கா! தெனமும் ஏழு மணிக்கு ஒஞ் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்! வராதப்பெல்லாம் ஒறுக்கும்!"

"காத்து நிக்கட்டும்! ஒன்னைய வச்சுக்கிறேன்! லயத்து ஆளுக பூராம் திரும்பி வரட்டும், வாசல்ல நிக்க வச்சு ஒன்னைய நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறேன்!"

"கேளுக்கா! என்னா வேணும்னாலும் கேளு!"

"அழுகாத! அழுதா கை வழுக்கும்! இப்பப் பேசாமப் புடி!"

சுவருக்கு அந்தப் பக்கம் மாரித்தாய் இழுத்தாள். இந்தப் பக்கம் செபமாலையம்மாள் திட்டிக்கொண்டே இழுத்தாள். கைமரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.